அந்த ஐந்து மாதங்கள்

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் கதை ஒன்று எழுதியிருந்தேன். கல்யாணமாகாத ஒரு பெண். காதலித்தவன் கைவிட்டுவிட்டான். வயிற்றில் ஐந்து மாதம். கடைசிப் பாராவில் அவள் விடியற்காலை இருட்டில் கொல்லைக் கிணற்றை நோக்கி நடக்கிறாள். அவ்வளவுதான் கதை. படித்துவிட்டுக் கண் கலங்கியதாகப் பலர் எழுதினார்கள். அந்தக் கண்ணீரைப் பரிசு வாங்கிக்கொள்கிறவனைப் போல நானும் சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. எழுதியவர் முப்பது வருஷத்துக்கு மேல் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். “ஐயா, கதையை வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சந்தேகம். அந்தப் பெண்ணுக்கு ஐந்து மாதம் என்கிறீர்களே, அந்த ஐந்து மாதமும் எங்கே போயிற்று? அவள் யாரிடம் போனாள், என்ன கேட்டாள், யார் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்? அதையெல்லாம் விட்டுவிட்டு நேரே கிணற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்களே!”

அந்தக் கடிதத்துக்கு நான் அப்போது பதில் எழுதவில்லை. எழுத என்னிடம் பதில் இல்லை என்பதே உண்மை. கதை எழுதுகிறவனுக்குக் கிணறு மிகவும் வசதியான இடம். அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டால் பிறகு ஒன்றும் யோசிக்க வேண்டாம். படிப்பவர்கள் மனம் இளகும், ஊர் வாயும் அடைபடும், பெண்ணும் பத்தினியாகிவிடுவாள்.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. குந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னிப் பருவத்தில் கருவுற்றவள், அரண்மனையில் தாதி ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் அதை மறைத்தாள் என்று வியாச பாரதம் சொல்கிறது. பிறகு பேழை, ஆறு, கர்ணன். ஆற்றோடு போன குழந்தைக்காக நாம் தலைமுறை தலைமுறையாக அழுது வருகிறோம், அழ வேண்டியதுதான். ஆனால் இடுப்புச் சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மசக்கையை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் யார் கண்ணில் படுவோமோ என்று நடுங்கிய அந்தச் சிறு பெண்ணின் மாதங்களை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

கரு முற்றிய பிறகு அதைக் கலைக்கலாமா, கூடாதா என்ற விவாதம் இப்போது நம் கோர்ட்டுகளிலும் பத்திரிகைகளிலும் அடிக்கடி நடக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த நர்ஸ் அம்மாளின் கேள்வி எனக்கு ஞாபகம் வரும். ஒரு சாரார், “ஆறு மாதம் வரை சும்மா இருந்துவிட்டு இப்போது வந்து நிற்கிறாளே! முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா?” என்கிறார்கள். மறு சாரார், “அவள் உடம்பு, அவள் இஷ்டம், மேலே பேச என்ன இருக்கிறது?” என்கிறார்கள். முதல் கட்சியார் அவளைக் கேட்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாம் கட்சியார், அவள் சொல்ல நினைப்பது எதையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்கிறார்கள். இருவருக்குமே அந்த ஐந்து மாதம் தேவைப்படவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1860-ல் வெள்ளைக்காரர்கள் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, கர்ப்பிணியின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அன்றி வேறு எதற்காகக் கருவைக் கலைத்தாலும் குற்றம் என்றது. மூன்று வருஷம் வரை சிறை. சிசு வயிற்றில் துடிக்கத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு வருஷம் வரை. தானே கலைத்துக்கொள்கிற பெண்ணும் அதில் குற்றவாளிதான். குற்றம் என்று எழுதியதால் பெண்கள் நிறுத்திவிடவில்லை. எருக்கங்குச்சியும் கஷாயமும் அவர்களைக் கொன்றுகொண்டே இருந்தன. 1964-ல் சாந்திலால் ஷா தலைமையில் கமிட்டி அமைத்து, 1966-ல் அதன் அறிக்கை வந்து, 1971-ல்தான் மருத்துவ முறையில் கருவைக் கலைக்க இடம் தரும் சட்டம் பிறந்தது. அதற்கு எல்லை இருபது வாரம். 2021-ல் அதைத் திருத்தி, பலாத்காரத்துக்கு உள்ளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் இருபத்துநான்கு வாரம் ஆக்கினார்கள். சிசுவுக்குக் கடுமையான ஊனம் என்று மருத்துவக் குழு சொன்னால் அதற்கு மேலும் வழி உண்டு. தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் வாரக் கணக்கே கிடையாது. மற்றவர்கள் கோர்ட்டுப் படி ஏற வேண்டும்.

கருவைக் கலைக்க வருகிற பெண்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே வந்துவிடுகிறார்கள். ஐந்தாம் மாதமும் ஆறாம் மாதமும் வருகிறவர்கள் சிலரே. ஆனால் அந்தச் சிலரைப் பற்றித்தான் இத்தனை சத்தம். அந்தச் சிலரின் மாதங்கள் எங்கே போயின என்று நான் தேடிப் பார்த்தேன். கோர்ட்டுத் தீர்ப்புகளில் அந்தக் கணக்கு ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது.

2008-ல் மும்பையில் ஒரு தம்பதி. ஆசைப்பட்டுச் சுமந்த குழந்தை. ஸ்கேன் எடுத்தபோது சிசுவின் இருதயத்தில் கடுமையான கோளாறு என்று தெரிந்தது. அப்போது இருபது வாரம் கடந்துவிட்டது. சிசுவின் அங்கங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிற ஸ்கேனையே பதினெட்டு, இருபது வார வாக்கில்தான் எடுக்கிறார்கள். அதற்கு முன் பார்த்தால் சரியாகத் தெரியாது. அதிலும் சில இருதயக் கோளாறுகள் இன்னும் தாமதமாகத்தான் புலப்படும். ஆக, இயற்கை காட்டிக் கொடுக்கிற நாளுக்கு முன்னாலேயே சட்டம் கதவைச் சாத்தியிருந்தது. இருபத்தாறாவது வாரத்தில் பம்பாய் ஹைக்கோர்ட்டு அவர்கள் மனுவைத் தள்ளியது. கொஞ்ச நாளில் அந்தத் தாய்க்குத் தானாகவே கரு கலைந்தது. இருபது வாரம் என்ற எல்லை நகர அதற்குப் பிறகும் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. அந்தத் தாயைப் பார்த்து, “ஏன் முன்னாலேயே வரவில்லை?” என்று யாரால் கேட்க முடியும்?

2017-ல் சண்டீகரில் பத்து வயதுச் சிறுமி. மறுபடியும் படியுங்கள், பத்து வயது. உறவுக்காரனால் கெடுக்கப்பட்டவள். வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. ஏழு மாதம் ஆகியிருந்தது. முப்பத்திரண்டாம் வாரத்தில் சுப்ரீம் கோர்ட்டு அனுமதி மறுத்தது. இனிமேல் கலைப்பது அந்தச் சிறுமிக்கே நல்லதில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வயிற்றில் கல் இருக்கிறது, அதை எடுக்கப் போகிறோம் என்று அவளிடம் சொல்லி, அறுவைச் சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். அந்தத் தீர்ப்பில் எனக்குக் குற்றம் சொல்லத் தெரியவில்லை. ஆனால், “தாமதம்” என்ற சொல்லை அந்தக் குழந்தையின் தலையில் ஏற்றி வைக்க என் கை கூசுகிறது. தனக்கு நேர்ந்தது என்ன என்று சொல்லவே அவளுக்கு வார்த்தை தெரியாதே!

2022-ல் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி டில்லி ஹைக்கோர்ட்டுக்குப் போனாள். கல்யாணமாகவில்லை. கூட இருந்தவன் மணந்துகொள்ள மறுத்துவிட்டான். இருபத்திரண்டு வாரம். கல்யாணமாகாதவளுக்கு இருபதுக்கு மேல் விதியில் இடமில்லை என்று ஹைக்கோர்ட்டு சொல்லியது. சுப்ரீம் கோர்ட்டு ஜூலையில் அவளுக்கு அனுமதி கொடுத்து, செப்டம்பர் 29-ஆம் தேதி விரிவான தீர்ப்பும் எழுதியது: மணமானவளுக்கு ஒரு நியாயம், ஆகாதவளுக்கு ஒரு நியாயம் என்று பிரிக்கக் கூடாது என்று. என் கதையின் கதாநாயகிக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்? இவள் கிணற்றுக்குப் போகாமல் கோர்ட்டுக்குப் போனாள். போக முடிந்தது. அந்தத் தைரியத்தை அவளுக்கு எந்தக் கதாசிரியனும் கொடுக்கவில்லை.

இவை கோர்ட்டு வரை வந்தவை. வராதவை எத்தனையோ. வயது வந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்று சட்டம் சொல்கிறது. “வீட்டுக்காரர் கையெழுத்துக்கு அவரைக் கூட்டி வா” என்று கவுண்டரில் சொல்கிறார்கள். அவர் வெளியூரில் இருப்பார், அல்லது இவள் வந்ததே அவருக்குத் தெரியக்கூடாததாக இருக்கும். சிறுமி என்றால் போலீசுக்குச் சொல்லவேண்டும் என்று பயந்து ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அனுப்புவார். சிறுமியின் பெயரைப் போலீசுக்குச் சொல்லவேண்டியதில்லை என்று 2022-ஆம் வருஷத்துத் தீர்ப்பே சொல்லிவிட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. இப்படி ஒவ்வொரு படியிலும் ஒரு வாரம், பத்து நாள். கடைசியில் அவள் வந்து நிற்கும்போது எல்லோரும் சேர்ந்து, “ஏன் இவ்வளவு தாமதம்?” என்று அவளையே கேட்கிறோம்.

இதுவரை சொன்னது பாதிதான். மறுபாதியையும் சொல்லாவிட்டால் நான் மறுபடியும் வசதியான கதைதான் எழுதுகிறேன் என்று அர்த்தம்.

வயிற்றிலிருக்கும் குழந்தையை வெறும் சதை என்று நினைக்கிற மரபு நம்முடையது இல்லை. கயாதுவின் வயிற்றில் இருந்தபடியே பிரகலாதன் நாரதரின் உபதேசத்தைக் கேட்டான் என்கிறோம். அபிமன்யு சுபத்திரையின் கர்ப்பத்தில் சக்கர வியூகக் கதை கேட்டான் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். வளைகாப்பில் பிள்ளைத்தாய்ச்சியின் கை நிறைய வளையல் அடுக்குவதே உள்ளே இருக்கிற பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்கும் என்றுதான். இன்று மருத்துவமும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்திருக்கிறது. ஆறு மாதத்துக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றிவிடுகிறார்கள். ஒரு வார்டில் காப்பாற்றப் போராடுகிற உயிரை அடுத்த வார்டில் நிறுத்துவதா என்று ஒரு டாக்டர் தயங்கினால், அவரைப் பிற்போக்குவாதி என்று நான் சொல்ல மாட்டேன்.

பயப்பட வேறு காரணமும் உண்டு. பெண் சிசு என்று தெரிந்ததும் கலைக்கச் சொல்லி மருமகளை இழுத்துக்கொண்டு போன வீடுகள் இந்த நாட்டில் எத்தனை! ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதே குற்றம் என்று 1994-ல் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. நம் உசிலம்பட்டிப் பக்கத்துக் கள்ளிப்பாலை மறந்துவிட முடியுமா? பெற்றவர்கள் கொல்லவேண்டாம், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் அந்தக் கொடுமையால்தான். அங்கேயெல்லாம் “அவள் இஷ்டம்” என்ற பேச்சு எவ்வளவு பொய் என்று யோசித்துப் பாருங்கள். மாமியாருடைய இஷ்டம் அவள் வாய் வழியாக வந்தது, அவ்வளவுதான்.

இந்த இரண்டு நியாயங்களும் நேருக்கு நேர் மோதிய வழக்கு 2023 அக்டோபரில் வந்தது. இருபத்தேழு வயது; இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் மனநோய் வந்து சிகிச்சையில் இருந்தவள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை. அதனால் மூன்றாவதாக உண்டானதே அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்து கோர்ட்டுக்கு வரும்போது இருபத்தாறு வாரம் ஆகிவிட்டது. அக்டோபர் 9-ஆம் தேதி இரண்டு பெண் நீதிபதிகள் அனுமதி கொடுத்தார்கள். மறுநாளே எய்ம்ஸ் டாக்டரிடமிருந்து ஒரு கடிதம்: சிசு உயிரோடு பிறக்க வாய்ப்பு இருக்கிறது, அதன் இருதயத் துடிப்பை முதலில் நிறுத்தட்டுமா என்று. அடுத்த நாள் அதே இரண்டு நீதிபதிகளும் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். ஹிமா கோலிக்கு மனசாட்சி இடம் தரவில்லை. நாகரத்னா அந்தப் பெண்ணின் முடிவையே மதிக்க வேண்டும் என்றார். பிறகு தலைமை நீதிபதி உட்பட மூவர் விசாரித்து 16-ஆம் தேதி மறுத்துவிட்டார்கள். தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, சிசுவுக்கும் ஊனமில்லை. பிரசவச் செலவை அரசு ஏற்கும். பெற்றவர்கள் விரும்பினால் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்றார்கள்.

இந்த வழக்கைப் பத்திரிகையில் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. இதுவரை எங்கேயும் எழுதாததை இப்போது எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு நான் ஆறாவது பிள்ளை. அவளுடைய கடைசிக் காலத்தில் ஒரு நாள் மத்தியானம், நான் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, அவளாகவே பேச்செடுத்தாள். “உன்னை வேண்டாம்னு நெனச்சேன்டா. எள்ளும் கருப்பட்டியும் இடிச்சுத் தின்னேன். பப்பாளிக்காயும் தின்னேன். அதுக்கப்புறம் மருத்துவச்சி ஏதோ கஷாயம் காய்ச்சிக் கொடுத்தா. எதுக்கும் நீ அசையல.” நான் சிரித்துவிட்டு, “முன்னாடியே பாத்திருக்கக் கூடாதாம்மா?” என்று விளையாட்டாகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. “எப்படிடா தெரியும்? உன் அண்ணன் பால்குடி மறக்கல. பால் கொடுக்கிறப்ப உண்டாகாதுன்னுதானே எல்லாரும் சொன்னாங்க? நீ வயித்துல பொரண்டப்பதான் தெரிஞ்சுது. தெரிஞ்ச அன்னிக்கு அரிசிப் பானையில கையை விட்டேன், அடி தட்டுச்சு.”

அப்போது ஐந்தாம் மாதம் இருந்திருக்கும். 1971-ஆம் வருஷத்துச் சட்டம் வராத காலம். அந்தக் கஷாயத்தைக் குடித்ததற்காக என் அம்மாவை 1860-ஆம் வருஷத்துச் சட்டம் குற்றவாளி என்றிருக்கும். பலித்திருந்தால் ஏழு வருஷம். பலிக்காமல் விஷமாகியிருந்தால் ஐந்து பிள்ளைகள் அநாதை.

“அன்று கலைந்திருந்தால் நீயே இருந்திருக்க மாட்டாயே! இப்போது என்ன சொல்கிறாய்?” என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். நானும் என்னையே பல தடவை கேட்டுக்கொண்டேன். நான் பிறந்ததில் எனக்குச் சந்தோஷம். அம்மாவுக்கும் பிற்பாடு சந்தோஷம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அரிசிப் பானையின் முன் நின்ற முப்பது வயதுப் பெண்ணை நினைக்கும்போது, “நான் வரவேண்டும், நீ சுமந்தே ஆகவேண்டும்” என்று அவள் முன்னால் போய் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகன் என்ற உரிமையிலும் வரவில்லை. அவளைக் கொலைகாரி என்று சொல்ல யாராவது வந்தால், தடுக்கத்தான் போவேன்.

அதே நேரத்தில், வயிற்றில் புரண்டது நான்தான் என்பதையும் மறக்க முடியவில்லை. அதனால் ஆறாம் மாதத்துக் கலைப்பை, பல்லைப் பிடுங்குவதைப் போன்ற சாதாரண விஷயம் என்று சொல்ல என்னால் ஆகாது. அது ஒரு மரணம்தான். எந்தத் தாயும் அதை அறியாமல் செய்வதில்லை. எங்கேயாவது ஒரு கோடு போடத்தான் வேண்டும் என்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் கோட்டுக்கு அப்பால் போய்விட்டாள் என்று ஒருத்தியைக் கைகாட்டுவதற்கு முன்னால், அவளை அங்கே தள்ளிய நாட்களில் நம்முடைய நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பால் கொடுத்தால் போதும் என்று தப்பாகச் சொல்லிக் கொடுத்தது யார்? பத்து வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாமல் வளர்த்தது யார்? கல்யாணமாகாதவள் ஆஸ்பத்திரி வாசலில் தலையைக் குனிந்துகொள்ளும்படி பார்த்தது யார்? அந்தப் பார்வையைக் கதைகளில் அழகுபடுத்திக் காட்டிய என்னைப் போன்றவர்கள் யார்? தாமதம் என்பது அவள் ஒருத்தியின் குற்றமாக இருக்க முடியாது. நாம் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சமாக அவள் வயிற்றில் நாட்களை ஏற்றியிருக்கிறோம்.

இத்தனைக்கும் பிறகு முடிவைச் சொல்லவேண்டியது யார் என்று கேட்டால், பக்கத்தில் நல்ல டாக்டர் இருக்க, அவள்தான் சொல்லவேண்டும் என்பேன். இதை ஜெயித்துவிட்டவனைப் போலச் சொல்லவில்லை, பயத்தோடுதான் சொல்கிறேன். தத்துக் கொடுக்கலாம் என்கிறார்கள், நல்ல வழிதான். ஆனால் அந்த மூன்று மாதத்தையும், மூளையைக் கலக்குகிற அந்த ராத்திரிகளையும் அரசாங்கம் தத்து எடுத்துக்கொள்ள முடியாது. தீர்ப்பு எழுதியவர்களும் சரி, கட்டுரை எழுதுகிற நானும் சரி, விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவோம். விழித்திருக்கப் போகிறவள் அவள். கருவைக் கலைத்தாலும் பெற்றாலும் விழித்திருக்கப் போகிறவள் அவள்தான்.

அந்தப் பழைய கதையை ஒரு தொகுதியில் சேர்க்கப் பதிப்பாளர் கேட்டார். எடுத்துப் படித்துப் பார்த்தேன். கிணறு அப்படியே இருந்தது. ஐந்து மாதம் என்ற இரண்டு சொல்லும் இருந்தன. அவற்றுக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. கதையைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு, வருஷக் கணக்கில் பதில் போடாமல் வைத்திருந்த அந்த நர்ஸ் அம்மாளின் கடிதத்தைத் தேடி எடுத்து ஒரு கார்டு எழுதினேன்.

“அம்மா, அந்த ஐந்து மாதமும் எங்கே போயிற்று என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் முப்பது வருஷம் பார்த்தவர். நேரில் வந்தால் சொல்வீர்களா?”

வரச் சொல்லி எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் போகிறேன்.